முத்துப் பாரும் மூச்சுக் கணக்கும்

பிராணாயாமம் செய்கிற ஒருவரைக் கவனிக்கும்போது அவர் எவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறார் என்று நான் கடிகாரம் பார்ப்பதில்லை. அடக்கியதை எப்படி விடுகிறார் என்றுதான் பார்ப்பேன். தேர்ந்தவர் விடும் மூச்சில் சத்தம் இருக்காது, தோள் குலுங்காது, கடைசிவரை ஒரே சீராக இறங்கும். புதியவர் ‘புஸ்’ஸென்று விட்டுவிட்டு அடுத்த மூச்சுக்குத் தவிப்பார். திருமூலர் வகுத்த கணக்கில் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை, அடக்கும் கும்பகத்துக்கு 64, விடும் ரேசகத்துக்கு 32. பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த 64-ஐ வியப்பார்கள். என் கண் அந்த 32-இன் மேல்.

இந்த ரசனையைத் தூத்துக்குடிக் கரையில் உரசிப் பார்க்கலாம். மூச்சடக்குவதையே பிழைப்பாக வைத்திருந்த கரை அது. கொற்கை முத்து கடல் கடந்து போன கதை பழையது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கடலில் முத்துக் குளிப்பதையும், பொல்லாத மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடத் தனியாக ஆள் வைத்திருந்ததையும், எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அந்த மந்திரக்காரருக்குப் போனதையும் எழுதியிருக்கிறார். பிறகு போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. கீழே இறங்கியவர்களின் மூச்சு மட்டும் அதே மூச்சுதான். தூத்துக்குடியில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல்.

குளியாளியின் நுரையீரலைப் பற்றி மிகைக்குப் பஞ்சமில்லை. ஐந்தாறு நிமிடம் அடியில் இருப்பார்கள் என்று எழுதிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. கடிகாரத்தோடு பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் குறிப்பில் அது ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் வருகிறது. ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கு இல்லை. அந்த ஒரு நிமிடத்தை ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை எடுக்க வேண்டும். சிப்பி விளையும் பார் எட்டு, பத்து பாகம் ஆழத்தில் இருக்கிறது. கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து இறங்கி, தரை தொட்டதும் கல்லை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய சிப்பியையெல்லாம் கூடையில் வாரிப் போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கீழே இருக்கையில் மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் பெரிய யோகி. ஒருமுறை இரண்டு நிமிடம் அடக்கிக் காட்டுவது வித்தை. மேலே வந்த சற்று நேரத்தில் மூச்சைச் சமன்படுத்திக்கொண்டு மறுபடி இறங்குவதுதான் தொழில்.

அடியில் உடம்புக்கு என்ன நடக்கிறது? மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதல்ல, இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவது. அந்த எச்சரிக்கையை முதன்முதலாகக் கேட்கிறவன் பதறுவான். பழகியவன் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பான். முகம் நீரில் நனைந்து மூச்சும் நின்றால், அடுப்பில் தீயைக் குறைத்து வைப்பதுபோல் இதயம் தன் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு. மேலே நெஞ்சு நிறைய இழுத்த காற்று அங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இத்தனைக்கும் நடுவில் பயந்துவிட்டால் கதை முடிந்தது, ஏனென்றால் பதறுகிற இதயம் இருக்கிற ஆக்சிஜனையும் வேகமாகத் தின்றுவிடும். ஆகவே மனத்தையும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலிக்காகவாவது மச்சான் கயிற்றை விடமாட்டானாம்!

அந்த மனநிம்மதியைக் கரையில் உட்கார்ந்தபடியே, சுறாவும் கல்லும் இல்லாமல் தேடுகிறவர்களுக்குப் பிராணாயாமம். மூச்சு உள்ளே போகும்போது இதயம் சற்று விரைகிறது, வெளியே வரும்போது தணிகிறது. ரேசகத்தை நீட்டினால் தணியும் நேரமும் நீள்கிறது. திருமூலர் பூரகத்தைப் போல இரு மடங்கு ரேசகம் வைத்ததை நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

பனிமய மாதா கோவில் நிழலில் செபமாலை சொல்லி வாழும் பரதவர் குடும்பங்கள் இதை இன்னொரு வழியில் அறிந்திருக்கலாம். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூச்சியானோ பெர்னார்டி குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தும், யோக மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவில் வந்து நின்றது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. யோகம் யாருடைய மதம் என்று சண்டை போடுகிறவர்கள் அந்தச் சிறிய கட்டுரையை ஒருமுறை படிக்கலாம்.

யோகத்தில் மூச்சோடு வரும் ஆசனங்களின் பலனையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட இடுப்புவலிக்கு யோகம் ஓரளவு உதவுகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2017-இல் சொன்னது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் அத்தகைய வலிக்கு மருந்துக்கு முன்னால் முயலக்கூடியவற்றில் யோகத்தைச் சேர்த்தது. மனக்கலக்கம், தூக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றிலும் பலன் தெரிகிறது, ஆனால் மருந்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை. சர்க்கரையிலிருந்து புற்றுநோய் வரை எல்லாவற்றையும் விரட்டும் என்று மேடையில் முழங்குகிறவர்களை நம்ப வேண்டாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் நீண்ட கும்பகத்தைத் தொடவே வேண்டாம். பூரகமும் ரேசகமும் போதும்.

முத்து போன பிறகும் இந்தக் கடலில் சங்கு குளிக்கிறார்கள். இப்போது கம்ப்ரஸர் காற்று குழாய் வழியே வருகிறது. அடியில் நெடுநேரம் இருக்கலாம், மூச்சடக்க வேண்டியதில்லை. ஆனால் அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். அவசரமாக மேலே ஏறினால் மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை வந்துவிடும். ஏறும்போது மூச்சை அடக்கினாலோ நுரையீரலே கிழியலாம். இயந்திரம் வந்தும் விடுகிற கலையிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

1961 சலாபத்தில் 18 வயதில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். இறங்குமுன் எத்தனை மூச்சு இழுத்தார், மேலே வந்ததும் முதல் மூச்சை எப்படி விட்டார், காது வலியை எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் அவர் போன்றவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. தூத்துக்குடியின் யோக ஆசிரியர்களுக்கும் மருத்துவக் கல்லூரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் 21 யோகா தினத்தில் அந்தப் பெரியவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போய், நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேளுங்கள்.