ஐந்து வினாடி மெனு: பூட் லோடர் தேர்வு பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் இடையஞ்சாவடியில் எங்க வீட்டுக்கு ஒரு பழைய அரசு மடிக்கணினி வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக்காரப் பெண் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறிக் கொண்டுவந்தார். அப்பா உப்பளத் தொழிலாளி. இவர் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த மெஷின், இப்போ அதை வைத்துத்தான் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். "அண்ணா, லினக்ஸ் காணோம். கேள்வித்தாள் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். வைரஸ் என்று சொல்லி ஒரு கடையில் விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார்கள். லைவ் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். லினக்ஸ் பார்ட்டிஷன் அப்படியே இருக்கு, ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. போனது பூட் லோடர் மட்டும்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த ஆரம்பகால மெஷின்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எந்த இயங்குதளம் வேண்டும் என்று அப்போ நிறைய சண்டை நடந்தது. ஆனால் எது முதலில் எழும் என்று முடிவு செய்கிற மூன்றாவது நிரலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசின மாதிரி நினைவில்லை. என் பார்வையில் அதுதான் முக்கியமான கேள்வி.

பழைய பயாஸ் மெஷினில் வன்தட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் பூட் நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி இரண்டு கையொப்பம். அந்த 446 பைட் ஒருவருக்குத்தான். க்ரப் தன் முதல் துண்டை அங்கே வைத்து, மிச்சத்தை முதல் பார்ட்டிஷனுக்கு முந்தைய காலி இடத்திலும் லினக்ஸ் பார்ட்டிஷனிலும் வைக்கும். விண்டோஸ் நிறுவி வந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸை மெனுவில் தானாகச் சேர்க்கவும் செய்யாது. க்ரப் அப்படியில்லை, விண்டோஸைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் போடும். "முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்" என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை இந்த ஒருதலை மரியாதையில் பிறந்ததுதான்.

க்ரப்பை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. 2021ல் வந்த 2.06 பதிப்பிலிருந்து ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணில் படும் பார்ட்டிஷனை எல்லாம் மவுண்ட் செய்து பார்ப்பது பாதுகாப்பில்லை என்பது காரணம். காரணம் சரிதான். ஆனா அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால்தான் விண்டோஸ் மெனுவில் வரும் என்பது புதுசாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? விண்டோஸ் அழிஞ்சுபோச்சு என்று பயந்து மறுபடி கடைக்குத்தான் போவார்.

லிலோவை இப்போ யாரும் யோசிக்க வேண்டாம். கெர்னல் தட்டில் எங்கே கிடக்கிறது என்ற முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளும் பழைய முறை அது. கெர்னலை மாற்றிவிட்டு அதை மறுபடி ஓட்ட மறந்தால் மெஷின் எழாது. 2015 கடைசியில் அதன் வளர்ச்சியும் நின்றது.

யூஇஎஃப்ஐ வந்தபின் கதை மாறியது. ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனில் ஒவ்வொரு இயங்குதளமும் தன் லோடரைத் தனி ஃபோல்டரில் வைக்கிறது. விண்டோஸை மறுபடி போட்டால் பெரும்பாலும் வரிசைதான் மாறும், லினக்ஸின் லோடர் அங்கேயே இருக்கும். மெஷின் எழும்போது பூட் மெனு விசையைத் தட்டினால் போதும். இது உண்மையான முன்னேற்றம். அப்பாடா என்று உட்காரும்போது 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டது. இரட்டை இயங்குதள மெஷின்களை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டது. பழைய ஷிம் வைத்திருந்த லினக்ஸ்கள் செக்யூர் பூட்டில் நின்றுபோயின. பூட்டு புதுசு, சாவி மட்டும் பழைய கையிலேயே.

அதனால் என் தேர்வு வசதிப் பட்டியலைப் பார்த்து இல்லை. கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்பதைப் பார்த்துத்தான். புது மெஷினில் இரண்டே இயங்குதளம் என்றால் தனித்தனி லோடர், பூட் மெனு விசை, அவ்வளவுதான். மூன்று நான்கு இருந்தால் ராட் ஸ்மித்தின் ரீஃபைண்டை முன்னால் வைப்பேன். ஒவ்வொரு முறையும் அதுவே தேடிப் படம் காட்டும். சிஸ்டம்டி-பூட் எளிமையானது, எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டுமே பயாஸ் மெஷினில் ஓடாது. அங்கே க்ரப்தான். சிக்கல் வந்தால் உதவக்கூடியவர்களும் அதற்குத்தான் அதிகம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிற மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

மரக்காணம் மெஷினுக்கும் க்ரப்பே போட்டேன், கால் மணி நேர வேலை. அதோடு மூன்று மாற்றம் செய்தேன். ஐந்து வினாடிக் காத்திருப்பை முப்பது ஆக்கினேன். கெர்னல் எண்களோடு நீண்டு கிடந்த பெயர்களைச் சுருக்கினேன். எப்போதும் முதல் வரியே ஓடும் என்றிருந்ததை, கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தாரோ அதுவே ஓடும் என்று மாற்றினேன். இனி எது முதலில் எழணும்னு அவர்தான் சொல்லணும்.

அவர் முதலில் தட்டியது லினக்ஸை. எட்டாம் வகுப்புக் கணக்கு ஃபோல்டரைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்முன் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன். அதை எடுத்தாரா என்று இன்னும் கேட்கவில்லை.