சற்றையர் என்னும் சொல்

எள்ளற்பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் சற்றையர் என்பது இலக்கியத்தோடு நெருங்கிய உறவுடையது. மனிதரின் குறையையும் சமுதாயத்தின் இழிவையும் நகையினாலோ சினத்தினாலோ இடித்துரைக்கும் படைப்பை அது குறிக்கும். அங்கதம் என்னும் பழஞ்சொல் தமிழில் அதற்கு நேராகக் கொள்ளப்படுகின்றது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தார். வெளிப்படையாகப் பழித்தல் முன்னையது. மறைத்துப் பழித்தல் பின்னையது. ஆனால் ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலே பழித்தற் கருத்து இல்லை.

இலத்தீனில் சற்றுர் என்பதற்கு நிறைந்தது என்பது பொருள். அதன் பெண்பால் வடிவமே சற்றுரா. பலவகைக் கனிகளை நிறைத்துக் கடவுளர்க்குப் படைத்த தட்டை இச்சொல்லோடு தொடர்புபடுத்திப் பண்டை இலக்கணகாரர் விளக்கினர். பல பொருளையும் கலந்து பாடிய பாட்டுக்கும் அப்பெயர் ஆகிவந்தது. கி. மு. 2ஆம் நூற்றாண்டில் உலூசிலியசு அதற்குக் கண்டனப் பண்பை ஊட்டினார். ஒறேசும் யுவெனலும் அவர்வழிச் சென்றனர். இலக்கிய வகைகள் பலவற்றைக் கிரேக்கரிடம் கடன்பெற்ற உரோமர்க்கு இது முற்றிலும் சொந்தமென்று குவின்றிலியன் உரிமை கொண்டாடினார்.

எனினும், பாதி மனிதமும் பாதி விலங்குமான கிரேக்க வனதேவதையாகிய சற்றேரின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்ததென்ற தவறான கொள்கை நெடுங்காலம் நிலவியது. ஒலியொப்புமையே அதற்குக் காரணம். அம்மயக்கம் அகராதியளவில் நின்றுவிடவில்லை. வனதேவதையின் இயல்பு முரடாதலின் அங்கதத்தின் நடையும் முரடாதல் வேண்டுமென எலிசபெத்துக் காலப் புலவர் பலர் கருதினர். யோன் மாசுதன் 1598இல் வெளியிட்ட அங்கதப் பாக்களின் இடறும் ஓசையும் கடுஞ்சொல்லும் இக்கருத்துக்குப் பெரிதும் கடன்பட்டவை. 1599 யூன் 1ஆம் நாள் கன்ரபெரிப் பேராயரும் இலண்டன் ஆயரும் அங்கத நூல்களுக்குத் தடைவிதித்தனர். மாசுதனின் நூல்கள் எரியூட்டப்பட்டன.

1605இல் ஐசாக் கசோபன் என்னும் பேரறிஞர் கிரேக்க வனதேவதை நாடகமும் உரோம அங்கதமும் வேறுவேறு மரபின என்று நிறுவினார். 1693இல் திறைடன் இம்முடிவைத் தழுவி, நயமாகக் குத்துவதே அங்கதத்தின் உயர்ந்த கலையென வாதித்தார்.

பிழையான சொற்பிறப்பு ஒரு தலைமுறையின் கவிதை நடையையே திருப்பியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆயினும் சரியான சொற்பிறப்பும் இலக்கியத்துக்கு விதியாகிவிடாது. கனித்தட்டு ஒறேசின் பல்சுவைப் போக்கை விளக்கும். யுவெனலின் கொதிப்பை விளக்காது. 1729இல் சுவிஃப்ற், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக்கலாமென்று பொருளாதார அறிஞரின் அமைதியான குரலில் யோசனை கூறினார். ஆள்வோரின் கொடுமையைச் சுட்டெரிக்கும் அவ்வுரைநடையில் வனதேவதையின் முரட்டுத்தனமும் இல்லை, தட்டின் கலவையும் இல்லை. அதன் ஆற்றலை உணர்த்துதற்குப் பழிகரப்பு என்னும் தமிழ்ப் பெயரே பெரிதும் பொருந்துகின்றது.