நீரற்ற வெளியிற் புரதம் – ஒரு விமர்சன நோக்கு

ஒரு பொருளை அதன் சூழலினின்றும் பிரித்தெடுத்து அதன் இயல்பை அறிய முடியுமா என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்கு மட்டும் உரியதன்று. புரதங்களை வாயு நிலையில் வைத்து லேசர் ஒளியால் ஆராயும் முறையும் இவ்வினாவையே எழுப்புகின்றது.

கலத்தினுள் பெரும்பாலான புரதங்கள் நீராற் சூழப்பட்டே இயங்குகின்றன. அவற்றைச் சிதைக்காது வெற்றிடத்துக்குக் கொண்டுவர, ஜோன் ஃபென் வளர்த்தெடுத்த மின்தெளிப்பு முறை வழிகாட்டிற்று. இதற்காக 2002 இல் இரசாயனவியல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். மின்னேற்றம் பெற்ற நுண்துளிகளிலிருந்து நீர் ஆவியாகப் புரத அயன் எஞ்சுகின்றது. அதனைப் பொறியொன்றில் அடைத்து, செந்நிறக் கீழ் லேசர் ஒளியை அலைநீளம் மாற்றி மாற்றிப் பாய்ச்சுவர். மூலக்கூறின் அதிர்வோடு ஒளி இசையுமிடத்து அயன் அதனை உறிஞ்சிச் சிதைவுறும். எவ்வலைநீளத்திற் சிதைவு மிகுகின்றது என்பதே நிறமாலையாகின்றது. புரதச் சங்கிலி சுருளியாயின் ஓரிடத்தும், மடிப்புத்தாளாயின் வேறோரிடத்தும் உறிஞ்சல் தோன்றும். நெதர்லாந்தின் ஃபீலிக்ஸ் லேசரைக் கொண்டு, 104 அமினோ அமிலங்களையுடைய சைற்றோகுரோம் சி இவ்வாறு ஆராயப்பட்ட முடிவு 2005 இல் வெளியாயிற்று. இது சிறந்த சாதனையே.

ஆயினும், பெரிய புரதங்களில் அதிர்வுகள் ஒன்றன்மேலொன்று கலந்துவிடுகின்றன. ஆதலின் எவ்வடிவம் மிகுந்துள்ளது என்பது புலப்படுமேயன்றி, ஒவ்வோர் அணுவின் இருப்பிடமும் புலப்படாது. இது கருவி சார்ந்த குறை; காலப்போக்கிற் குறையலாம். கருத்து சார்ந்த குறையே ஆழமானது.

வெற்றிடத்திற் காண்பதே புரதத்தின் ‘உண்மை வடிவம்’ எனக் கொள்வது பொருந்தாது. நீரை நாடாத பகுதிகள் உள்ளே ஒதுங்குவது புரத மடிப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். நீர் அகன்றதும் அக்காரணமும் அகன்றுவிடுகின்றது. மின்னேற்றங்களிடையேயான விசைகளோ வலுப்பெறுகின்றன. கரைசலில் இருந்த வடிவம் வெற்றிடத்திற் படிப்படியாகக் குலைந்து புது வடிவம் தோன்றுவதை புரூக்கரும் மக்லஃபெர்ட்டியும் 2008 இல் விளக்கினர். எனவே, அயன் எவ்வளவு நேரம் அடைபட்டிருந்தது என்பதையும் கூறாத நிறமாலை அரைகுறைச் சான்றேயாகும். அமினோ அமில ஒழுங்கே வடிவத்தைத் தீர்மானிக்கின்றது என்ற அன்ஃபின்சனும், உயிரியற் சூழலையும் உடன்வைத்தே அதனைக் கூறினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இம்முறையைப் புறந்தள்ளுதல் தகாது. லோசானில் ரிசோ குழுவினர் கடுங்குளிரூட்டிய சிறு அலனைன் சங்கிலிகளை ஆராய்ந்து, அவை நீரின்றியும் சுருளியாக நிற்பதை 2007 இற் காட்டினர். அச்சுருளிக்கு நீரின் துணை இன்றியமையாததன்று என்பது இதனால் தெளிவாயிற்று. நீருள்ள நிலையையும் நீரற்ற நிலையையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போதே, எது சங்கிலிக்குரியது, எது சூழலுக்குரியது எனப் பகுத்தறிய முடிகின்றது. பிரித்தெடுத்தல் ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று.