எளிய சொல்லும் நேரிய கணக்கும்

பொருளியலை எல்லார்க்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பதை மறுப்பவர் எவருமில்லை. வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் நாளில் இதழ்களும் தொலைக்காட்சிகளும் இதில் போட்டியிடுகின்றன. ஒரு ரூபாய் நாணயத்தைக் கூறுபோட்டு, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று படம் வரைந்து காட்டுகின்றன. முயற்சி நல்லதே. ஆயின் கவிதையையும் புதினத்தையும் திறனாய்வுக்கு உட்படுத்தும் நாம், இவ்வகை எழுத்தை அவ்வாறு நோக்குவதில்லை. எளிதாக இருக்கிறது என்ற அளவில் மனநிறைவு கொள்கிறோம். அந்த எளிமை வாசகரைச் சிந்திக்க விடுகிறதா, அல்லது முடிந்த முடிவொன்றை அவர் கையில் திணிக்கிறதா என்பதை ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் ஹாரியட் மார்ட்டினோ என்ற பெண்மணி, 1832 முதல் 1834 வரை, அரசியல் பொருளியலின் கோட்பாடுகளை விளக்கும் கதைகளை மாதந்தோறும் வெளியிட்டார். கூலி, வாணிகம், மக்கள்தொகை, வரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அவை விரும்பிப் படிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மான்செஸ்டர் நகர ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பற்றியது. அதன் தலைவன் ஆலன் நல்லவன், நிதானமுள்ளவன். கதாசிரியர் அவனை இழிவுபடுத்தவில்லை. ஆயினும் வேலைநிறுத்தம் தோற்கிறது. ஆலை வேலை மீண்டும் கிடைக்காமல், தெருவில் பணிசெய்து பிழைக்கும் நிலைக்கு அவன் தள்ளப்படுகிறான். கூலிக்கென உள்ள முதல் ஓர் அளவுடையது, அதைப் பங்கிடும் கைகள் பெருகினால் கூலி குறைந்தே தீரும், போராட்டம் அதை மாற்றாது என்பதே கதை தரும் பாடம்.

நடை தெளிவானது, மனிதர்கள் உயிருள்ளவர்கள். குறை வேறிடத்தில் உள்ளது. கோட்பாடு ஒன்றை இயற்கை விதிபோல அவர் வைத்துவிட்டார். கதைக்குள் அதை மறுத்துப் பேச எவருக்கும் இடமில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1869இல், அக்கோட்பாட்டின் பெருந்துணையாக விளங்கிய ஜான் ஸ்டூவர்ட் மில் அதைக் கைவிட்டார். கூலிக்கென மாறாத ஒரு தொகை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அறிஞர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் கதையைப் படித்து, தம் வறுமை ஒரு விதியின் விளைவு என நம்பிய எளியவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்குமா? எளிமைப்படுத்துவோர் ஐயத்தை நீக்கிவிட்டு முடிவை மட்டும் தருவதில் உள்ள இடர் இதுதான்.

இன்று நம்மிடையே இவ்வேலையைக் கதைகளைவிடச் செய்தித் தலைப்புகளே மிகுதியாகச் செய்கின்றன. ஆகவே அவற்றின் சொற்களைச் சற்று உரசிப் பார்ப்போம். 'பணவீக்கம் குறைந்தது' என்று தலைப்பு வருகிறது. கடைக்குச் செல்பவர் விலை குறைந்திருக்கும் என எண்ணுகிறார். அங்கே விலை ஏறித்தான் இருக்கிறது. உடனே அரசு பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வருகிறார். நிகழ்ந்தது வேறு. 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 10 விழுக்காடு ஏறி 110 ஆகிறது. அடுத்த ஆண்டு 4 விழுக்காடு மட்டும் ஏறி 114 ரூபாய் 40 காசாகிறது. குறைந்தது ஏற்றத்தின் விரைவு மட்டுமே, விலை இறங்கவில்லை. 'விலையேற்றம் மெதுவானது' என்று எழுதியிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. மேலும், வருமானம் அதே அளவு ஏறியதா என்று வாசகர் அடுத்துக் கேட்டிருப்பார். அந்தக் கேள்விதான் அரசியலுக்கு வேண்டியது.

இதனினும் கேடு செய்யும் சொல் 'கடன் தள்ளுபடி'. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, கூட்டுறவு வங்கிகளில் உழவர் பெற்ற 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இங்கே கடனாளி விடுபடுகிறார். வங்கிகள் ஐந்து நிதியாண்டுகளில் 10 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வாராக்கடனைத் தம் இருப்புநிலை ஏட்டிலிருந்து நீக்கியதாக 2022 டிசம்பரில் மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. இங்கே கடனாளி விடுபடவில்லை. அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை வங்கிக்குத் தொடர்கிறது. தன்மையில் வேறான இவ்விரண்டையும் தமிழில் நாம் பெரும்பாலும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். இதனால் ஒரு சாரார் செல்வர்க்குக் கடன் விட்டுக்கொடுக்கப்பட்டது என்று கொதிக்கிறார்கள். மறு சாரார் அது வெறும் கணக்கு நடைமுறை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். முன்னதைக் 'கடன் விடுவிப்பு' என்றும் பின்னதை 'ஏட்டு நீக்கம்' என்றும் பிரித்து வழங்கினால் உரிய கேள்வி தானே எழும்: ஏட்டிலிருந்து நீக்கிய கடனில் எவ்வளவு திரும்ப வந்தது? கொதிப்புக்கும் சமாதானத்துக்கும் நடுவே மறைந்துபோன கேள்வி இது.

சொல்லைப் போலவே எண்ணும் வழிதவறச் செய்யக்கூடும். 2021 ஆகஸ்ட் 9 அன்று, தமிழ்நாட்டின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். கடினமான செய்திகளை மக்கள் முன் வைத்த வகையில் அது பாராட்டத் தக்கது. அதில் மக்கள் மனத்தில் நின்றது ஓர் எண்: ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய்க் கடன். ஏறத்தாழ 5.70 இலட்சம் கோடி ரூபாயை 2.16 கோடிக் குடும்பங்களுக்கு வகுத்தால் கிடைக்கும் தொகை அது. வகுத்தல் சரியே. ஆயின் உவமை பொருந்தவில்லை. கந்துவட்டிக்காரர் வாயிலில் நிற்பதை அறிந்த குடும்பத்துக்கு அந்த எண் அச்சத்தைத் தரும், அறிவைத் தராது. அரசு வரி விதிக்கவல்லது. தலைமுறை கடந்து நிலைப்பது. வாங்கிய கடனில் பாலம் கட்டினார்களா, அன்றாடச் செலவை ஈடுகட்டினார்களா என்பதே கேட்கத் தக்கது. கடனின் ஒரு பகுதி நடைமுறைச் செலவுக்கே போயிற்று என்பதுதான் அவ்வறிக்கையின் மெய்யான குறைகூறல். தலைப்பில் ஏறிய எண் அதை மூடிவிட்டது.

அதே அறிக்கையில் மற்றோர் எண்ணும் உண்டு: அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம். இது முன்னதைவிட மேலானது. ஏனெனில் பயணியின் கண்முன் ஓடும் பொருளோடு கணக்கை இணைக்கிறது. டீசலுக்கு எவ்வளவு, ஊதியத்துக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று அவர் மேலே கேட்கலாம். ஆயினும் 'நட்டம்' என்ற சொல் பாதியையே சொல்கிறது. அறிக்கைக்கு மூன்று மாதம் முன்னர்த்தான், அவ்வாண்டு மே மாதத்தில், சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தை அதே அரசு தொடங்கியிருந்தது. வீட்டுவேலைக்குச் செல்லும் ஒரு பெண் கையில் மிஞ்சும் கட்டணத்தை, பேருந்துக் கழகத்தின் ஏடு வரவாகக் காட்டாது. அது நட்டமா, செலவா, பொதுநலனுக்கான ஈடா என்பதை மக்கள் விவாதித்துத் தீர்மானிக்க வேண்டும். சொல்லே தீர்ப்பை வழங்கிவிட்டால் விவாதத்துக்கு இடமேது?

அவ்வாறாயின் நல்ல எளிமை எங்கே உள்ளது என்று கேட்கலாம். நமக்குத் தெரிந்தவற்றுள் சிறந்ததொன்று நூலில் இல்லை. இராஜஸ்தான் சிற்றூர்களில் நிகழ்ந்தது. அருணா ராய் முதலியோர் 1990இல் அமைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் பொது விசாரணை ஒன்றை நடத்தியது. பொதுப்பணிகளின் கூலிப்பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. அவ்வளவே. உவமை இல்லை, கதை இல்லை. பட்டியலில் இருந்த பெயர் தம் பெயரா, எழுதப்பட்ட கூலி தம் கைக்கு வந்ததா, கணக்கில் முடிந்த பணி தரையில் முடிந்ததா என்பதைச் சொல்ல அங்கிருந்த எழுத்தறியா மனிதரும் வல்லவராயினர். அவ்வியக்கம் வளர்ந்து, 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

மார்ட்டினோவின் கதையையும் அச்சிற்றூர்க் கூட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. முன்னதில் எளியவர் கேட்கிறார், பின்னதில் சரிபார்க்கிறார். தமிழில் பொருளியல் எழுதுவோரிடம் நாம் வேண்டுவதும் இதுவே. ஓர் எண்ணைத் தரும்போது அது எதை எதனால் வகுத்து வந்தது என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒரு சொல்லை ஆளும்போது அதனால் பயன்பெறுவோர் யார் என்று எண்ணிப் பார்க்கட்டும். கற்றோரிடையே கருத்து வேறுபாடு இருப்பின் அதை மறைக்காது சொல்லட்டும்.

வாசகர்க்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊராட்சிகளில் குடியரசு நாளிலும், மே நாளிலும், விடுதலை நாளிலும், காந்தி பிறந்த நாளிலும் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தில்லியின் பல்லாயிரம் கோடியை விளங்கிக்கொள்வதற்கு முன், நம் தெரு விளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எழுதப்பட்ட தொகையை ஒருமுறை படிக்கக் கேட்போம். ஐயம் எழுந்தால் எழுந்து நின்று கேட்போம்.