'சலாம் பாம்பே': வீதிப் பிள்ளைகளும் கலையும்

வீடற்ற பிள்ளைகளைப் பற்றிய கலைப் படைப்புகள் பெரும்பாலும் அவர்தம் துயரையே காட்டுகின்றன. அவர்தம் ஆற்றலைக் காட்டுவன மிகச் சில. மீரா நாயர் இயக்கி 1988-இல் வெளிவந்த 'சலாம் பாம்பே' என்னும் இந்திப் படத்தை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து. கான் விழாவில் தங்கக் காமிரா விருது பெற்ற படம் அது. நம் வயலின் மேதை எல். சுப்பிரமணியம் அதற்கு இசையமைத்தார் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

கதை எளியது. சர்க்கஸ் கூட்டத்தாரால் கைவிடப்பட்ட சிறுவன் கிருஷ்ணா, 500 ரூபாய் ஈட்டி ஊர் திரும்ப விழைகிறான். பம்பாய் வீதிகளில் தேநீர் சுமக்கிறான். போதைப்பொருள், விலைமகளிர் தெரு, சிறுவர் சிறை எனக் கதை இருளுக்குள் இறங்குகிறது. இப்பகுதிகள் வலிமையுடையனவே, ஆயினும் புதியன அல்ல. இத்தகைய தீயோரை நாம் வேறு படங்களிலும் கண்டிருக்கிறோம்.

படத்தின் உயிர் வேறிடத்தில் உள்ளது. நடித்த சிறார் மெய்யாகவே வீதியில் வாழ்ந்தவர்கள். படப்பிடிப்புக்கு முன் நாடக ஆசிரியர் பாரி ஜான் அவர்களுக்குப் பல வாரங்கள் பயிற்சி அளித்தார். அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்யும்போதும், திரைப்பாட்டுக்கு ஆடும்போதும், நடிப்பென்றே தோன்றாத ஒரு நடிப்பு வெளிப்படுகிறது. எழுத்தறியாக் கிருஷ்ணா, கடிதம் எழுதித் தருவோனிடம் தாய்க்குச் செய்தி சொல்லும் காட்சி ஒன்றே போதும்! முகவரியே அறியாத பிள்ளையின் கடிதம் அது. எனினும் இப்படைப்பாற்றலை நடிகரிடம் கண்டறிந்த இயக்குநர், கதையில் வரும் பிள்ளைக்கு அதை வழங்கவில்லை. இறுதியில் அவன் கையில் ஒரு பம்பரம். காமிராவோ அவன் கண்ணீரையே நோக்கி நிற்கிறது. இதனைப் படத்தின் குறையென்றே கருதுகிறேன்.

நிற்க. கிருஷ்ணாவாக நடித்த ஷபீக் சையது தேசிய விருது பெற்றார். பின்னர் கௌதம் கோஷின் 'பதங்' படத்திலும் நடித்தார். அதன்பின் பெங்களூரில் ஆட்டோரிக்ஷா ஓட்டிப் பிழைத்தார். திறமை குன்றியதாலன்று, அதனை நாளும் பழகுவதற்கு ஓரிடம் அமையாமையே காரணம் என்பேன்.

இப்படத்தின் பயனாக 1988-இல் தோன்றிய 'சலாம் பாலக்' அறக்கட்டளையின் தில்லி இல்லத்தில் வளர்ந்தவர் விக்கி ராய். 1999-இல், பதினொரு வயதில், வங்கத்துப் புருலியாவிலிருந்து ஓடிவந்து புதுதில்லி நிலையத்தில் குப்பை பொறுக்கியவர். தமிழ்நாடு விரைவு வண்டியில் வந்திறங்கும் நாம் அத்தகைய பிள்ளைகளைக் கண்டதும் பெட்டியை இறுகப் பற்றிக்கொள்கிறோம் அல்லவா? அவர் ஒளிப்படக் கலைஞர் அனய் மானிடம் உதவியாளராகத் தொழில் பயின்றார். 2007-இல் தம் முதற் கண்காட்சியை நடத்தினார். 2013-இல் வெளிவந்த அவரது நூலின் கறுப்பு வெள்ளைப் படங்களில் இல்லத்துச் சிறுவரின் அன்றாட வாழ்வு காணப்படுகிறது. அங்கே எவரும் நம் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. உடன் வாழ்ந்தவன் எடுத்த படங்கள் என்பது பார்த்த அளவிலேயே விளங்குகிறது.

அவர் காமிரா வாங்க அறக்கட்டளை கடன் தந்தது. மாதத் தவணையில் அதை அவர் அடைத்தார். அலுவலகத்தில் பண்டிகை முன்பணம் பெற்றுப் பழகிய நம்மவர்க்கு அத்தவணையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.