கயிறும் கண்ணும்: தண்டியடிகள் புராணத்தில் உடற்குறையும் தொண்டும்

பெரியபுராணத்து வம்பறா வரிவண்டுச் சருக்கத்தில் இடம்பெறும் தண்டியடிகள் வரலாறு, பெரும்பாலும் பார்வை பெற்ற அற்புதமாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. பிறவியிலேயே பார்வையற்ற அடியவர் இறையருளால் கண்பெற்றார் என்னும் முடிவே அதன் பொருளாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வாறு கொள்ளின், அதற்கு முந்தைய அவரது வாழ்வு வெறும் காத்திருப்பாகச் சுருங்கிவிடும். நூலின் அமைப்போ வேறு பொருளைத் தருகின்றது.

திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் இவ்வடியவரை ஓர் அடைமொழியுடன் குறித்துச் செல்கின்றார். அதில் அவர் ஆளும் ‘நாட்டம்’ என்னும் சொல் கண்ணையும் குறிக்கும், நோக்கத்தையும் குறிக்கும். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, அவர் கயிறு பிடித்துக் குளம் தோண்டிய செய்தியைச் சேர்க்கின்றது. 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் அதனைத் தொழில்முறையாகவே விரிக்கின்றார். திருவாரூர்க் கோயிலின் மேற்கிலுள்ள குளம் இடம் குறைந்துபோனதை உணர்ந்த அடிகள், குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கொண்டுவந்து கொட்டுகின்றார். அவரது பார்வையின்மைக்கு முன்வினை எதுவும் காரணமாகக் கூறப்படவில்லை. இப்பணி நிகழும்போது அவர் கண் வேண்டவும் இல்லை. நம்பிக்கை இங்குக் கைப்பழக்கமாக, அன்றாட உழைப்பாக அமைகின்றது.

கண்பற்றிய பேச்சு, சமணர் அவரது பார்வையின்மையை எள்ளிய பின்னரே எழுகின்றது. மண்ணை வெட்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுக்கும் அவர்கள், வாதம் முற்றியதும் மண்வெட்டும் கருவியைப் பறித்துத் தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிகின்றனர். அடிகளின் பணி பார்வையின்மையால் நின்றுவிடவில்லை. கயிறு அகற்றப்பட்டதால் நின்றது. அதன்பின் இறைவனிடம் அவர் முறையிடுவதும் தமக்கு நேர்ந்த அவமானம் தீரவேண்டும் என்பதே. கண் வேண்டும் என்பது அம்முறையீட்டின் சொற்களில் இல்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உடற்குறையைத் தடைகளோடு இணைத்தே வரையறுக்கின்றது. நீண்டகாலக் குறைபாடு தடைகளுடன் எதிர்ப்படும்போதே சமூகத்தில் முழுமையான பங்கேற்பு பாதிக்கப்படுகின்றது என்பது அதன் கருத்து. இடைக்கால நூலொன்றில் இக்காலக் கோட்பாட்டைத் தேடிக் காண்பது பொருந்தாது. எனினும் குறையையும் தடையையும் வேறுபடுத்தும் காட்சி அந்நூலில் உள்ளது என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வாசிப்புக்கு எல்லையும் உண்டு. அடிகள் குளத்தில் மூழ்கிக் கண்பெற்றெழும் அதே வேளையில், எதிர்த்த சமணர் கண்ணிழக்கின்றனர், ஊரைவிட்டும் அகற்றப்படுகின்றனர். பார்வையின்மைக்குத் தொண்டின் மாண்பை அளித்த காப்பியமே அதனைத் தண்டனையாகவும் ஆக்குகின்றது. சங்கிலியாருக்கு அளித்த உறுதிமொழியை மீறிய சுந்தரர் திருவொற்றியூர் எல்லையில் பார்வை இழப்பதும் இவ்வகையினதே. ஆயினும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைப்பது ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். கண்ணுக்கு முன்னரே கோல் வந்து சேர்கின்றது. ஒருவர் கயிற்றையும் மற்றவர் கோலையும் பற்றி வழிநடக்கின்றனர்.

எனவே, தண்டியடிகள் வரலாற்றின் மையம் குளக்கரைக் கயிறே எனலாம். அற்புதத்தை மட்டுமே முன்னிறுத்தும் விளக்கம், பார்வை திரும்பாத ஒருவருக்கு இக்காப்பியத்தில் இடமில்லை என்று சொல்லிவிடுகின்றது. சேக்கிழாரோ கண்பெறுவதற்கு முன்பே அவரைத் தொண்டராக நிறுத்துகின்றார். வகுப்பறையில் இப்பகுதியைக் கற்பிப்போர் முதலில் காட்டவேண்டியது அந்நிலையையே.