'ஆனா' என்கிற சொல்

"எங்களுக்குச் சாதியெல்லாம் கிடையாதுங்க, ஆனா..." வாடகைக்கு வீடு கேட்டுப்போன இடங்களில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

மனப்பான்மையை அளக்க 1932இல் லிக்கர்ட் ஓர் அளவுகோல் தந்தார். ஐந்து கட்டங்கள், ஒன்றில் டிக் அடித்தால் மனசு தெரிந்துவிடுமாம். வீட்டுக்காரரிடம் கொடுத்தால் 'சாதி கூடாது' என்றுதான் டிக் அடிப்பார். நமக்கு வீடு மட்டும் கிடைக்காது.

ஜோனதன் பாட்டரும் மார்கரெட் வெத்தரெலும் 1987இல் எழுதிய 'சொல்லாடலும் சமூக உளவியலும்' நூல் இந்த நம்பிக்கையை உடைத்தது. பேச்சு மனசைக் காட்டும் கண்ணாடி அல்ல. ஒரே ஆள் ஒரே பேட்டியில் மாற்றிமாற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சு அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள் என்றார்கள். நியூசிலாந்து வெள்ளையர்கள் மாவோரிகளைப் பற்றிப் பேசியதை ஆராய்ந்து 1992இல் இன்னொரு நூல் எழுதினார்கள். சமத்துவம், நடைமுறை என்கிற நல்ல சொற்களே அங்கே அநீதிக்கு முட்டுக்கொடுக்கின்றன.

இது நமக்கு ஆயுதம். 'தகுதி, திறமை' என்று ஒருவர் ஆரம்பித்தால், அது நிசமா என்பதோடு, அது யாருக்காக என்ன செய்யுது என்றும் கேட்கலாம்.

ஆனால் ஒரு குறை. ஒடுக்குகிறவன் பேச்சில் நோயைத் தேடியது சரி. கேட்டவர் காதில் அது என்னவாக விழுந்தது? பேசாமலே செய்வதை என்ன செய்வது? எங்க ஊர் டீக்கடையில் அப்பாவுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றியவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதிவு செய்ய அங்கே பேச்சே இல்லை. வாங்கிக் குடித்தவர்தான் சொல்லணும். அப்பா சொன்னார். நான் எழுதிவைத்திருக்கிறேன்.